நைலான் கம்பியும் என் நொட்டை வாயும்

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், மூன்று மணி இருக்கும். மந்தைவெளியில் நாங்கள் குடியிருந்த மாடிப் போர்ஷனில் முன்னறைக்கு ஆஸ்பெஸ்டாஸ் கூரை. கோடையில் அதற்குள் இருப்பது பெரிய தண்டனை. நான் தரையில் தண்ணீர் தெளித்துவிட்டு வெறும் உடம்போடு படுத்திருந்தேன். அம்மா முறத்தில் உளுந்தைப் பரப்பிக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். தங்கை செண்பகம் கீழே குழாயடியில் துணி அலசிக்கொண்டிருந்தாள்.

படீரென்று ஒரு சத்தம்.

தெருவில் சைக்கிள் டியூப் வெடித்துவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் சத்தத்தின் வாலில் ஒரு ரீங்காரம் ஒட்டிக்கொண்டு வந்தது. எழுந்து பார்த்தால், சுவரோரம் சாய்த்து வைத்திருந்த கிட்டாரின் வயிறு வெறிச்சென்று கிடக்கிறது. கம்பிகளின் அடிமுனையைப் பிடித்திருக்கும் கட்டை, பிரிட்ஜ் என்பார்களே அது, அப்படியே பெயர்ந்து ஆறு கம்பியோடும் சேர்ந்து கழுத்திலிருந்து தொங்கி ஆடிக்கொண்டிருக்கிறது. யாரும் அதைத் தொடவில்லை.

"நான் ஒண்ணும் பண்ணலை, எய்யா" என்றாள் அம்மா, முறத்தை மடியோடு அணைத்துக்கொண்டு.

படியில் தடதடவென்று செண்பகம் ஏறி வந்தாள். கையெல்லாம் சோப்பு நுரை. கிட்டாரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு அடையாற்றில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் அவள் வாசித்துக் காட்ட வேண்டும். சங்கீத டீச்சர் வேலை, கிட்டார் சொல்லிக்கொடுக்க. சொந்த வாத்தியத்தோடு வரவேண்டும் என்று கடிதத்தில் எழுதி அடியில் கோடும் போட்டிருந்தார்கள். இடையில் இருந்தது ஒரே ஒரு திங்கட்கிழமை.

அந்தக் கட்டை பெயர்ந்ததற்கு வெயிலைக் குற்றம் சொல்லலாம், விதியைச் சொல்லலாம். காரணம் நான்தான்.

நொட்டை சொல்லும் உத்தியோகம்

போன வாரம் நான் சைக்கிள் வாங்கிய கதையைப் படித்துவிட்டு ஒரு வாசகி, "உங்கள் கண்ணுக்கு எதிலும் குறை மட்டும்தான் தெரியுமா?" என்று கோபமாகக் கேட்டு எழுதியிருக்கிறார். ஆமாம் அம்மா. அதுதான் அந்நாளில் என் இரண்டாவது உத்தியோகம்.

முதல் உத்தியோகம் தியாகராயநகரில் ஒரு ஜவுளிக்கடையில், புடவைப் பிரிவில். முதலாளி எங்கள் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். அப்பா போன பிறகு, ஊர்க்காரப் பிள்ளை என்று சேர்த்துக்கொண்டார். காலை ஒன்பதரைக்கு ஏறி நின்றால் ராத்திரி ஒன்பது வரை நிற்க வேண்டும். நின்றபடியே நான் படித்த பாடம் ஒன்று உண்டு. புடவை பிடித்துப்போன பெண்மணி அதைப் புகழ மாட்டாள். பார்டர் அழுத்தமாக இல்லையே என்பாள். தலைப்பைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பாள். கூட வந்தவர் உதட்டைப் பிதுக்கிக்கொண்டு வாசலைப் பார்ப்பார். பிடிக்காதவளோ பேசாமல் எழுந்து போய்விடுவாள். யார் அதிகமாகக் குறை சொல்கிறார்களோ அவர்களுக்குத்தான் நாங்கள் பில் புத்தகத்தை எடுத்துத் தயாராக வைப்போம்.

இந்த வித்தை கைவந்ததும் மந்தைவெளியில் எனக்கு ஒரு மவுசு வந்துவிட்டது. யார் பழைய சாமான் வாங்கப் போனாலும், "சங்கரபாண்டியைக் கூட்டிட்டுப் போங்க, அவன் வாய்க்கு விலை தானா இறங்கும்" என்பார்கள். ரேடியோ, தையல் மிஷின், மர பீரோ, கிரைண்டர் இல்லாத காலத்து ஆட்டுக்கல், எல்லாவற்றுக்கும் நான் போயிருக்கிறேன். கூலி, லஸ் முனையில் ஒரு மசால் தோசையும் காப்பியும்.

ரேடியோ எப்படிப் பாடுகிறது என்று எனக்குத் தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் இருந்ததில்லை. காதருகே வைத்துக்கொண்டு, பல்வலிக்காரன் மாதிரி முகத்தைச் சுளிக்கத் தெரிந்தால் போதும். ஒரு தடவை பக்கத்து வீட்டுக் கோமதி அக்காவுக்காகத் தையல் மிஷின் பார்க்கப் போய், சக்கரத்தில் ஒரு முனகல் கேட்கிறதே என்று வாயில் வந்ததைச் சொல்லிவைத்தேன். விற்கிற மனுஷர் பயந்துபோய்க் காதைச் சக்கரத்தில் வைத்துக் கேட்டார். ஆமாம் சார், கேக்குது என்றார். பாவம், நல்ல மிஷின் அது. கோமதி அக்கா இருபது வருஷம் அதில் தைத்தாள்.

என்னோடு வருகிற வாங்குகிறவர்களுக்கு ஒரே ஒரு சட்டம் போட்டிருந்தேன். எவ்வளவு பிடித்தாலும் முகத்தில் காட்டக்கூடாது. பேசுவது என் வேலை, கல்லாக இருப்பது அவர்கள் வேலை.

அடங்காத விரல்கள்

செண்பகம் கல்லூரியில் படித்தபோது அங்கே ஒரு கன்னியாஸ்திரி அவளுக்கு மூன்று வருஷம் கிட்டார் சொல்லிக்கொடுத்தார். ஸ்பானிஷ் கிட்டார். அந்தக் காலத்தில் மடியில் படுக்க வைத்து இரும்புத் துண்டால் தேய்க்கிற ஹவாயன் கிட்டார்தான் மெட்ராஸில் பிரபலம். அது வேறு, இது வேறு. விரல் நகத்தால் மீட்டி, தனியாகவே ஒரு முழுப் பாட்டையும் இழுக்கிற வகை இது. படிப்பு முடிந்ததும் கல்லூரி வாத்தியத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தாள்.

அதற்கப்புறம் அவள் கை சும்மா இருக்கவில்லை. சீப்பின் பல்லை மீட்டுவாள். ஜன்னல் கம்பியில் இடது கை விரல்கள் ஏறி இறங்கும். சாப்பிட உட்கார்ந்தால் தட்டு விளிம்பில் ஓடும். "ஏட்டி, கையை அடக்கிட்டு உக்காரு" என்று அம்மா ஒரு நாளைக்குப் பத்து தரம் சொல்லுவாள். எனக்கே பார்க்கப் பார்க்கப் பரபரப்பாக இருக்கும்.

அந்தச் சமயத்தில்தான் சாத்தூரிலிருந்து மாமா கடிதம் போட்டார். அவர் மகனுக்கு மளிகைக்கடை வைத்துக் கொடுத்தாகிவிட்டது, ஆவணியில் செண்பகத்தோடு கல்யாணத்தை முடித்துவிடலாம் என்று. பையனைக் குற்றம் சொல்ல முடியாது, நல்ல பையன். ஆனால் கடிதம் வந்த நாளிலிருந்து செண்பகம் பாதிச் சோற்றில் எழுந்துவிடுவாள். அம்மாவிடம் ஒன்று மட்டும் கேட்டாள். ஆனிக்குள் எனக்கு ஒரு வேலை கிடைத்தால் மாமாவுக்கு வேண்டாம் என்று எழுதுவாயா என்றாள். கிடைக்கவா போகிறது என்ற தைரியத்தில் அம்மாவும் சரி என்றுவிட்டாள்.

வேலை இருக்கிறது என்று கன்னியாஸ்திரி சொல்லி அனுப்பினார். வாத்தியம்தான் இல்லை.

மவுண்ட் ரோட்டில் ஒரு கடைக்குப் போனோம். சிவப்பு வார்னிஷ் அடித்துப் பளபளவென்று தொங்கின. எங்களுக்குக் கட்டுப்படியாகிற விலையில் மூன்று. எனக்கு மூன்றுமே அழகாக இருந்தன. செண்பகம் முதலாவதின் தலைப்பக்கத்தைக் கண்ணருகே வைத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, ஆசாரி சட்டம் பார்ப்பது போலக் கழுத்தை நீளவாக்கில் பார்த்தாள். கோணல். கீழே வைத்துவிட்டாள். இரண்டாவதில் கம்பிகள் பலகையை விட்டு எட்ட நின்றன. ஒரு மணி நேரம் அழுத்தினால் விரல் பிய்ந்துவிடும் என்றாள்.

மூன்றாவதுதான் எனக்குப் புதுமையாக இருந்தது. கம்பியின் நடுமத்தியில் விரலைப் பட்டும் படாமலும் வைத்து மீட்டினாள். மணி அடித்தது போல ஒரு நாதம். அப்புறம் அதே இடத்தில் அழுத்தி மீட்டினாள். இரண்டும் ஒரே சுரமாக வரவேண்டுமாம். எனக்கு ஒன்றாகத்தான் கேட்டது. "இது ஜென்மத்துக்கும் சுருதி சேராதுண்ணே" என்று காதோடு சொல்லிவிட்டு நடையைக் கட்டினாள்.

அவள் செய்ததை எல்லாம் நான் மனசில் குறித்துக்கொண்டேன், புரிந்துகொள்ள அல்ல. அடுத்த இடத்தில் நடித்துக் காட்ட உதவும் என்று.

சாந்தோம் வீட்டில்

அடுத்த இடம் சாந்தோம். கடற்கரைக்குப் போகும் சந்தில், உப்புக்காற்றில் சுண்ணாம்பு உதிர்ந்த ஒரு வீடு. அங்கே மிஸஸ் டிமெல்லோ என்று ஓர் ஆங்கிலோ இந்தியப் பெண்மணி. கணவர் காலமாகிவிட்டார். ஆஸ்திரேலியாவில் இருக்கிற மகளோடு போய்ச் சேரப் போகிறார். கணவர் வாசித்த கிட்டாரை வாசிக்கத் தெரிந்த கைக்குக் கொடுக்க வேண்டும் என்று கன்னியாஸ்திரியிடம் சொல்லி வைத்திருந்தார்.

சந்து முனையிலேயே செண்பகத்தை நிறுத்தி என் சட்டத்தை ஓதினேன். தலையை ஆட்டினாள்.

கூடம் முழுக்க மரப்பெட்டிகள். சைதாப்பேட்டையிலிருந்து வந்த ஏழுமலை என்ற தச்சர் பெட்டிகளுக்கு ஆணி அடித்துக்கொண்டிருந்தார். பசை காய்ச்சுகிற நாற்றம். மிஸஸ் டிமெல்லோ உள்ளேயிருந்து ஒரு பூப்போட்ட துணி உறையில் அதை எடுத்து வந்தார். உறையை உருவியதும் எனக்கு சப்பென்று ஆகிவிட்டது. பளபளப்பே இல்லை. முகப்பலகை வெளுத்த வைக்கோல் நிறம், அதில் தலைமயிர் போல நேர்நேராகக் கோடுகள். ஓரத்தில் இரண்டு கீறல். ஆறு கம்பியில் மூன்று வெள்ளியாக மின்ன, மீதி மூன்று கண்ணாடி போல வெறும் பிளாஸ்டிக்.

செண்பகம் வாங்கி மடியில் வைத்தாள். கழுத்தைப் பார்த்தாள், நடுமத்தியில் தொட்டு மீட்டினாள், அழுத்தி மீட்டினாள். பிறகு ஐந்தாறு சுரங்களை மெதுவாக வாசித்துவிட்டு நிறுத்திவிட்டாள். முகம் கல். எனக்கே ஆச்சரியம். அப்படி ஒரு கல்லை அதுவரை நான் கூட்டிப் போனதில்லை.

இனி என் முறை. அவள் மடியிலிருந்து வாங்காமலே குனிந்து கழுத்தை ஒரு கண்ணால் பார்த்தேன், அடிப்பக்கத்திலிருந்து. விலாவை விரல் முட்டியால் தட்டினேன். ஓட்டைக்குள் எட்டிப் பார்த்தேன், இருட்டு. நிறம் வெளுத்துவிட்டதே என்றேன். மிஸஸ் டிமெல்லோ பொறுமையாக ஓட்டையின் விளிம்பைக் காட்டினார். மேலே தெரிகிற கோடு விளிம்பிலும் அப்படியே இறங்குகிறது பாருங்கள், இது ஒரே பலகை, ஒட்டுப் பலகையாக இருந்தால் அடுக்கடுக்காகத் தெரியும், ஒரே பலகை வாசிக்க வாசிக்கப் பழுத்து வரும் என்றார். நான் தலையை ஆட்டவில்லை. ஆட்டினால் விலை ஏறும்.

கடைசி அஸ்திரத்தை எடுத்தேன்.

"எல்லாம் சரிம்மா. சத்தம் கம்மியா இருக்கே."

அவர் கோபப்படவில்லை. "கம்மிதான் மிஸ்டர். கிட்ட வந்து உக்காந்து கேக்கற வாத்தியம் இது" என்றார்.

ஆகா, ஒப்புக்கொண்டுவிட்டார் என்று எனக்கு உள்ளுக்குள் குதூகலம். உதட்டைப் பிதுக்கிக்கொண்டு வாசலைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. செண்பகத்தையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு நான் கேட்ட விலைக்கே சரி என்றுவிட்டார்.

கிளம்பும்போது ஒரு நீளக் கவரைக் கொண்டுவந்து நீட்டினார். உள்ளே ஒரு செட் புது நைலான் கம்பி, கணவர் வாங்கி வைத்தது.

"இதுவும் போனா வேற நைலானா பாத்து வாங்குங்க. ஸ்டீல் மட்டும் போடாதீங்க மிஸ்டர், தாங்காது."

இது ஒரு வியாபாரத் தந்திரம் என்று எனக்குப் பட்டது. கவரை வாங்கிக்கொண்டால், அதற்கு ஒரு விலை சொல்லுவார். மீன் பிடிக்கிற நரம்பு எங்களுக்கு எதற்கம்மா என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டு வெளியே வந்தேன். ஏழுமலைகூட ஆணி அடிப்பதை நிறுத்திவிட்டு என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

சந்து திரும்பியதும் செண்பகம் சுவரில் சாய்ந்து நின்று முகத்தைத் துணி உறையில் புதைத்துக்கொண்டாள். அழுகிறாளோ என்று பயந்தேன். சிரித்துக்கொண்டிருந்தாள்.

என் பொய்யை நானே நம்பியது

அன்று சாயங்காலம் கீழ்வீட்டுக்காரர்கள், கோமதி அக்கா, இன்னும் இரண்டு பேர் முன்னறையில் கூடினார்கள். செண்பகம் வாசித்தாள். மின்விசிறி கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது. பின்னால் உட்கார்ந்திருந்த ஒருவர், சரியாகக் கேட்கவில்லையே என்றார். எனக்குச் சுருக்கென்றது.

விலைக்காகச் சொன்ன குறை அது. வேறு எதுவும் தோன்றாமல் சொன்னது. ஆனால் அன்றிலிருந்து அது என் காதைவிட்டுப் போகவில்லை. பள்ளிக்கூடம் என்றால் பெரிய ஹால் இருக்கும், வெளியே பஸ் ஓடும், தலைமையாசிரியைக்கு வயதாகியிருக்கும், காது மந்தமாக இருக்கும். கடையில் புடவையை மடிக்கும்போதும் இதே நினைப்பு. தப்பான மடிப்பு மடித்து மேஸ்திரியிடம் திட்டு வாங்கினேன்.

புதன்கிழமை கடை முடிவதற்கு முன்பே பர்மிஷன் வாங்கிக்கொண்டு மவுண்ட் ரோட்டுக்குப் போய் ஒரு செட் ஸ்டீல் கம்பி வாங்கி வந்தேன்.

"அந்தம்மா வேண்டாம்னாங்களேண்ணே" என்றாள் செண்பகம்.

விற்கிறவர்கள் சொல்வதை எல்லாம் கேட்பதாக இருந்தால் நான் எதற்குக் கூட வந்தேன் என்று கேட்டேன். மயிலாப்பூர் பக்கத்தில் இருந்துகொண்டு எனக்கு வாத்தியம் தெரியாதா என்றும் கேட்டேன். மாடவீதியில் ஒரு வீட்டில் வீணைக்குக் கம்பி மாற்றுவதை நான் பார்த்திருக்கிறேன். வீணையில் குதிரை என்கிற கட்டை பலகையின் மேல் சும்மாதான் உட்கார்ந்திருக்கும். கம்பியை இறுக்க இறுக்கப் பலகையோடு அழுந்தி நிற்கும். இதுவும் அந்த ஜாதிதானே, இழுவை கூடினால் இன்னும் கெட்டியாக நிற்கும் என்று விளக்கினேன். கிட்டாரில் கம்பி அந்தக் கட்டையிலேயே கட்டியிருக்கிறது, அழுத்தாது, பிடுங்கும் என்பது எனக்கு உறைக்கவில்லை.

அவள் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லச் சொல்லக் கத்தரிக்கோலால் நைலான் கம்பிகளை நறுக்நறுக்கென்று வெட்டினேன். வெட்டிய துண்டுகளை அம்மா ஜன்னல் திரை கட்ட எடுத்துக்கொண்டாள்.

ஸ்டீல் கம்பி போட்டதும் கணீரென்று கேட்டது. தெருவில் போன தயிர்க்காரி நிமிர்ந்து பார்த்தாள். பார்த்தாயா என்றேன். செண்பகம் அதிலேயே வாசித்துப் பழகினாள். விரல் நுனிகள் கன்றிச் சிவந்தன.

வெள்ளிக்கிழமை என்னிடம் வந்து, "அண்ணே, பிரிட்ஜுக்குப் பின்னால பேப்பர் நுழையுது" என்றாள். போஸ்ட் கார்டு ஒன்றைச் செருகிக் காட்டவும் செய்தாள். புதுக் கம்பி, அப்படித்தான் இருக்கும், படிந்துவிடும் என்றேன். சனிக்கிழமை பலகையே லேசாக உப்பியிருந்தது. நான் கவனித்தேன். கவனித்துவிட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டு கடைக்குப் போனேன். இதை இத்தனை வருஷம் யாரிடமும் சொன்னதில்லை.

ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு நடந்ததைத்தான் முதலிலேயே சொல்லிவிட்டேனே.

மறுபடியும் சாந்தோம்

செண்பகம் கைநுரையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். நான் அறைக்குள் அங்கும் இங்கும் நடந்தேன். கல்லூரியில் கேட்கலாமா, கோடை விடுமுறை. வாடகைக்கு எடுக்கலாமா, சொந்த வாத்தியம் என்று கடிதத்தில் கோடு போட்டிருக்கிறதே. "பேசாம சாத்தூருக்கு எழுதிருவோம், எய்யா" என்றாள் அம்மா. கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அவளுக்குத் தெரிந்த வழி அது.

கடைசியில் செண்பகம் வாயைத் திறந்தாள்.

"அந்தம்மா இன்னும் கிளம்பியிருக்க மாட்டாங்க, அந்தத் தச்சரும் இருப்பாரு. நீ மட்டும் போ. போய், சொன்னதெல்லாம் பொய்யினு சொல்லு."

வேறு வழி எனக்கும் தெரியவில்லை. கிட்டாரைப் போர்வையில் சுற்றிக்கொண்டு கச்சேரி ரோடு வழியாக வேகுவேகென்று நடந்தேன். பஸ்ஸுக்குக் காத்திருக்கக் கால் நிற்கவில்லை. என்ன சொல்லுவது என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்தேன். வெயிலைச் சொல்லலாமா, கம்பி விற்ற கடைக்காரனைச் சொல்லலாமா என்றுதான் அப்போதும் புத்தி போனது.

வாசலில் மிஸஸ் டிமெல்லோவைப் பார்த்ததும் ஒத்திகை எல்லாம் மறந்துவிட்டது. போர்வையைப் பிரித்துக் காட்டினேன். அவர் தொங்குகிற கட்டையைக் கையில் ஏந்திக்கொண்டார். கணவர் வாசித்த வாத்தியம் அல்லவா.

"தப்பு என்னுதும்மா" என்றேன். "அதுல ஒரு குறையும் கிடையாது. விலை குறையட்டும்னு வாயில வந்ததைச் சொன்னேன். அப்புறம் நானே அதை நம்பிட்டேன்."

"தெரியும் மிஸ்டர்" என்றார்.

எனக்குப் புரியவில்லை.

"நீங்க சொன்னதுக்காகவா குறைச்சேன்? உங்க சிஸ்டர் மூஞ்சில ஒண்ணுமே இல்ல. பிடிக்கலியோன்னுதான் நானும் நெனச்சேன். அப்புறம் கையைப் பாத்தேன். நீங்க அவ்ளோ நேரம் பேசினீங்களே, அந்த லெஃப்ட் ஹேண்ட் கழுத்தை விடவே இல்ல. சத்தமில்லாம வாசிச்சிக்கிட்டே இருந்தது. அதைப் பாத்துட்டுத்தான் குடுத்தேன்."

இத்தனை வருஷம் எத்தனை வீட்டுப் படியேறி எத்தனை பேர் முன்னால் முகம் சுளித்திருக்கிறேன். அன்று எனக்கு வந்த வெட்கத்துக்கு அளவே இல்லை. உட்காரச் சொன்னார், எனக்கு உட்காரத் தோன்றவில்லை.

ஏழுமலை அதற்குள் எழுந்து வந்து கட்டையின் அடிப்பக்கத்தைத் தடவிப் பார்த்தார்.

"இன்னா சார், இத்த இன்னா கட்டில் சட்டம்னு நெனச்சிக்கினியா? இம்மாம் மெல்லிசுப் பலகைல இவ்ளோ இழுவை வெச்சா அது இன்னாதான் பண்ணும்? நல்லகாலம், பலகை கீறல. கட்டை மட்டும் பேந்துக்கினு வந்துகீது."

பெட்டிக்காகக் காய்ச்சி வைத்திருந்த வஜ்ரப் பசையை மறுபடி சூடேற்றினார். பழைய பசையைச் சுரண்டி எடுத்தார். ஓட்டைக்குள் கையைவிட்டு அடியில் ஒரு மரச்சக்கையை முட்டுக்கொடுத்து, கட்டையை இருந்த இடத்தில் அமர்த்தி, கயிற்றால் உடம்போடு சேர்த்துக் கட்டி, கயிற்றுக்குள் ஆப்பு ஆப்பாகச் செருகி இறுக்கினார். செவ்வாய்க்கிழமை காலை வரைக்கும் ஒருத்தரும் கிட்டே வரக்கூடாது என்றார். பிடித்துக்கொள்ளுமா என்று கேட்டேன்.

"புடிச்சிக்கும். நீ மட்டும் கைய வெக்காத."

அந்தத் திங்கட்கிழமையை நான் எப்படிக் கழித்தேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள். ஒரு பெண்மணி பச்சைப் புடவையைப் பிரித்து வைத்துக்கொண்டு ஜரிகை மங்கலாக இருக்கிறதே என்றார். நான் அவர் கையைப் பார்த்தேன். கை தலைப்பை நீவிக்கொண்டே இருந்தது. அன்று நாலு தரம் கொல்லைப்பக்கம் போய்த் தண்ணீர் குடித்தேன், ஐந்தாவது தரம் மேஸ்திரி உடம்பு சரியில்லையா என்று கேட்டுவிட்டார்.

அடையாற்றில், வாசலுக்கு வெளியே

செவ்வாய்க்கிழமை விடிந்ததும் இருவரும் சாந்தோம் போனோம். ஏழுமலை கயிற்றை அவிழ்த்தார். கட்டையின் ஓரத்தில் தேன் நிறத்தில் ஒரு மெல்லிய பசைக்கோடு. மிஸஸ் டிமெல்லோ நான் சிரித்து ஒதுக்கிய அதே கவரை எடுத்து வந்தார். அவரும் செண்பகமும் குனிந்து உட்கார்ந்து ஆறு கம்பியையும் முடிச்சுப் போட்டுக் கட்டினார்கள். நான் வாசலில் நின்றேன். கையை வைக்கக் கூடாது என்று உத்தரவு.

புது நைலான் கம்பிக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. இழுபட்டுக்கொண்டே இருக்கும், சுருதி நிற்காது. இரண்டு மூன்று நாள் போனால்தான் அடங்கும். எங்களுக்கு இருந்தது இரண்டு மூன்று மணி. மந்தைவெளியில் பஸ் ஏறியதிலிருந்து அடையாறு பாலம் தாண்டும்வரை செண்பகம் கிட்டாரின் மேல் காதை வைத்துக்கொண்டு முறுக்காணிகளைத் திருகிக்கொண்டே வந்தாள். நான் அந்தப் பசைக்கோட்டையே பார்த்துக்கொண்டு வந்தேன். கண்டக்டர் டிக்கெட்டுக்கு மூன்று தடவை கேட்டாராம்.

பள்ளிக்கூடத்தில் அவளை மட்டும் உள்ளே விட்டார்கள். நான் கேட்டுக்கு வெளியே, தூங்குமூஞ்சி மரத்தடியில். பத்தேகாலுக்கு ஆரம்பித்திருப்பார்கள். காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். ஒன்றும் கேட்கவில்லை. காக்கை கத்தியது, பஸ் போனது, சமையலறையில் பாத்திரம் விழுந்தது, எல்லாம் கேட்டது. கிட்டார் மட்டும் கேட்கவில்லை. அதனால் ஒவ்வொரு நிமிஷமும் ஒரு 'படீர்' வரப்போகிறது என்று காத்திருந்தேன். மரத்தைச் சுற்றினேன். சுவரோரமாகக் கோடிவரை போய்த் திரும்பினேன்.

வாட்ச்மேனுக்குப் பொறுக்கவில்லை. "இன்னா சார், ஒரு எடத்துல நிக்க மாட்டியா? பாத்துக்கினு இருந்தா எனக்குத் தல சுத்துது" என்றார்.

தங்கை உள்ளே வாசிக்கிறாள் என்றேன். ஜன்னலோரம் போய்க் கொஞ்சம் கேட்டுவிட்டு வரட்டுமா என்று கெஞ்சினேன். அதற்கெல்லாம் பர்மிஷன் கிடையாது என்றுவிட்டார்.

முக்கால் மணி கழித்துச் செண்பகம் வந்தாள். கிட்டாரைப் பூப்போட்ட உறையில் மார்போடு அணைத்திருந்தாள். முகத்தில் ஒன்றும் இல்லை. சாந்தோம் வீட்டில் பார்த்த அதே கல்.

"கட்டை நின்னுச்சா?"

"நின்னுச்சு."

"என்ன சொன்னாங்க?"

"சத்தம் கம்மியா இருக்குன்னாங்க."

நான் சொன்ன அதே பொய். அவள் முன்னால் நடந்தாள், நான் பின்னால். பஸ் ஸ்டாண்டில் நின்றோம். அவள் முகத்தைப் பார்த்தேன். கோபமா, துக்கமா, அழுது முடித்துவிட்டாளா, ஒரு இழவும் தெரியவில்லை. எதிரில் இருக்கிறவனை இப்படித் தவிக்கவிடத்தான் நான் ஊருக்கெல்லாம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேனா என்று நினைத்தபோதுதான், மிஸஸ் டிமெல்லோ சொன்னது ஞாபகம் வந்தது. முகத்தை விட்டுவிட்டுக் கையைப் பார்த்தேன்.

உறைக்கு மேலே, கிட்டாரின் கழுத்தில், அந்த இடது கை ஓடிக்கொண்டிருந்தது. சுண்டுவிரல் எட்டிப் பிடித்தது, விட்டது, மோதிரவிரல் இறங்கியது, மறுபடி எல்லாம் ஏறின.

எனக்கு மூச்சு வந்தது.

"சத்தம் கம்மின்னதுக்கு நீ என்ன சொன்னே?"

"நாற்காலியைத் தூக்கிக்கிட்டுக் கிட்ட வாங்கன்னேன். வந்தாங்க."

பஸ் வந்தது. கிட்டாரை ஜன்னலோரம் வைத்துவிட்டு அவள் உட்கார்ந்தாள், நான் பக்கத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பாலத்தின் மேல் காற்று அடித்தது.

"ஜூன்ல சேரச் சொல்லிட்டாங்க. அம்மாகிட்ட சொல்லி சாத்தூருக்கு லெட்டர் எழுதணும்ணே" என்றாள், ஆற்றைப் பார்த்தபடியே.

பாவி, அப்போதும் முகத்தில் காட்டவில்லை.